பிடிக்காத பாடம், பிடிபடாத பாடம்

ஆடி மாதத்து வியாழக்கிழமை மாலை. மறுநாள் ஆடி வெள்ளி என்பதால் அக்கா கிணற்றடியில் உட்கார்ந்து குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே கூடத்தில், பிளஸ் டூ படிக்கும் அவள் மகள் வேதியியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரமாக ஒரே பக்கம்தான் திறந்திருந்தது. பாடத்தின் பெயர் அணைவு வேதியியல். கண் வரிகளின்மேல் ஓடுகிறது. பக்கத்தின் அடிக்கு வந்ததும், மேலே என்ன படித்தோம் என்று நினைவில்லாமல் மறுபடி முதல் வரிக்கே போகிறது.

“சித்தி, எனக்குக் கணக்கு பிடிக்கும், கம்ப்யூட்டர் சயின்ஸ் பிடிக்கும். இந்தக் கெமிஸ்ட்ரி மட்டும் சுத்தமாப் பிடிக்கல. பிடிக்காத பாடத்தை எப்படித்தான் படிக்கிறது?” என்றாள்.

பொறியியல் சேர்க்கைக்கான 200 கட்-ஆஃப் மதிப்பெண்ணில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கணினிப் பொறியியல் படிக்க ஆசைப்படும் அவளுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். வேதியியலை விட்டால் என்ன ஆகும் என்று யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. எல்லாம் தெரிந்திருந்தும் பக்கம் நகரவில்லை என்பதுதான் அவள் துயரம்.

அன்று என்னால் உருப்படியான பதில் எதுவும் சொல்ல முடியவில்லை. “கஷ்டப்பட்டுப் படிச்சிடு கண்ணு” என்றேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத்தான் திருப்பிச் சொன்னேன் என்பது வீடு திரும்பும்போது உறைத்தது. சலிப்பைப் பற்றியும் ஆர்வத்தைப் பற்றியும் உளவியலாளர்களும் மூளை ஆய்வாளர்களும் கண்டறிந்தவற்றைத் தேடிப் படித்தது அதன் பிறகுதான். படிக்கப் படிக்க ஒன்று விளங்கியது. அவளுக்கான பதிலில் பாதி, அவள் கேட்ட கேள்விக்குள்ளேயே இருந்தது.

‘பிடிக்கும்’ என்ற நம் சொல்லைக் கவனியுங்கள். கயிற்றைப் பிடிக்கிறோம், பாட்டும் பிடிக்கிறது. கையால் பற்றுவதற்கும் மனம் விரும்புவதற்கும் தமிழில் ஒரே சொல். ஒன்று விளங்கவில்லை என்றால் ‘பிடிபடவில்லை’ என்கிறோம். நிற்க இடமில்லாமல் வழுக்கினால் ‘பிடிமானம் இல்லை’ என்கிறோம். பிடிமானம் கிடைத்தால் பிடிபடும். பிடிபட்டால், ஒருவேளை, பிடித்தும் போகும். ஆர்வம் எப்படிப் பிறக்கிறது என்று ஆய்வுகள் காட்டும் வரிசையும் ஏறக்குறைய இதுதான். நாமோ முதலில் பிடிக்கட்டும், பிறகு படிப்போம் என்று வரிசையின் கடைசிப் படியில் போய் நின்று காத்திருக்கிறோம்.

சலிப்பு என்ன சொல்கிறது?

படிக்க உட்கார்ந்து சலித்துப்போகும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் இரண்டும் வேறு வேறு. கனடாவின் யார்க் பல்கலைக்கழக உளவியலாளர் ஜான் ஈஸ்ட்வுட்டும் அவருடைய சகாக்களும் 2012இல் சலிப்புக்கு ஒரு வரையறை தந்தார்கள். நிறைவு தரும் ஒரு செயலில் மனம் ஈடுபட விரும்புகிறது, ஆனால் ஈடுபட முடியவில்லை; அந்த அவஸ்தைதான் சலிப்பு என்றார்கள். சோம்பேறிக்கு ஈடுபடும் விருப்பமே இல்லை. சலித்திருப்பவருக்கு விருப்பம் இருக்கிறது. மனத்துக்குப் பற்றிக்கொள்ள எதுவும் அகப்படவில்லை. ஒரே பக்கத்தை முக்கால் மணி நேரம் விடாமல் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது?

இந்த அவஸ்தை எவ்வளவு கூர்மையானது என்பதை வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டிமத்தி வில்சன் குழு 2014இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கைபேசி, புத்தகம் எதுவும் இல்லாத அறையில் 15 நிமிடம் தம் எண்ணங்களோடு தனியாக உட்காரச் சொன்னார்கள். விரும்பினால் ஒரு பொத்தானை அழுத்தி லேசான மின் அதிர்ச்சி வாங்கிக்கொள்ளலாம். பங்கேற்றவர்கள் அந்த அதிர்ச்சியை முன்பே அனுபவித்து, ‘இதைத் தவிர்க்கக் காசுகூடக் கொடுப்பேன்’ என்று சொன்னவர்கள். ஆனாலும் 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் ஒரு முறையாவது தாமாகவே பொத்தானை அழுத்தினார்கள். வெறுமனே இருப்பதைவிட வலியே மேல் என்று பலருக்குத் தோன்றியிருக்கிறது. படிக்க உட்கார்ந்த பிள்ளை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்க எழுந்திருப்பதை இனி கொஞ்சம் பரிவோடு பார்க்கலாம்.

சலிப்பு ஏன் இப்படி விரட்டுகிறது? ராபர்ட் கர்ஸ்பனும் சகாக்களும் 2013இல் முன்வைத்த விளக்கம் ஒன்று உண்டு. நம் கவனம் அளவோடு கிடைக்கும் பொருள். ஒரு வேலையில் அதைச் செலவிடும்போதே, ‘இதே கவனத்தை வேறு எதில் போட்டால் அதிகம் கிடைக்கும்?’ என்று மூளை ஓயாமல் கணக்குப் போடுகிறது. அருகில் இதைவிட லாபமான வேலை இருப்பதாகத் தோன்றினால், செய்யும் வேலை பளுவாகத் தெரியத் தொடங்கும். பாடத்தின் பயன் மார்ச் மாதத் தேர்வில். கைபேசியின் பயன் இந்த நொடியில். மூளையின் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்து அறைத் தொலைக்காட்சி

தேடலில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 1989இல் வெளிவந்த ஒரு சோதனை. ராபின் டாம்ராட்-ஃப்ரை, ஜேம்ஸ் லேர்ட் என்ற இரு உளவியலாளர்கள் செய்தது. மாணவர்களுக்கு ஒரு கட்டுரையின் ஒலிப்பதிவைக் கேட்கக் கொடுத்தார்கள். அப்போது பக்கத்து அறையில் ஒரு தொலைக்காட்சி ஓடியது. ஒரு குழுவுக்குச் சத்தமாக. ஒரு குழுவுக்குக் காதில் விழுந்தும் விழாததுமான அளவில். ஒரு குழுவுக்குச் சத்தமே இல்லாமல். கேட்டு முடித்ததும் கட்டுரை எப்படி இருந்தது என்று கேட்டார்கள்.

கட்டுரை சலிப்பாக இருந்தது என்று அதிகம் சொன்னவர்கள் மெல்லிய சத்தம் கேட்ட குழுவினர்தான். சத்தம் பலமாக இருந்தவர்களுக்குத் தம் கவனம் ஏன் சிதறுகிறது என்று தெரிந்திருந்தது. பழியைத் தொலைக்காட்சிமேல் போட்டார்கள். மெல்லிய சத்தத்தில் கவனம் சிதறியவர்களுக்குக் காரணம் தெரியவில்லை. ‘மனம் இதில் நிற்கவில்லை, அப்படியானால் இந்தக் கட்டுரைதான் சலிப்பானது’ என்று முடிவு கட்டினார்கள்.

நாம் சலிப்பை நேரடியாக உணர்வதாக நினைக்கிறோம். உண்மையில் அதில் ஒரு பகுதி, நம் கவனம் அலைவதைப் பார்த்து நாமே செய்துகொள்ளும் ஊகம். கவனத்தைச் சிதறடித்தது பாடமாகவும் இருக்கலாம். பசி, தூக்கக் குறைவு, அடுத்த வீட்டுச் சண்டை, மனத்துக்குள் ஓடும் ஒரு கவலை என எதுவாகவும் இருக்கலாம். எல்லாவற்றுக்குமான பழியைப் பாடத்தின் தலையில் கட்டிவிடுகிறோம். அக்கா மகளின் புத்தகத்துக்குப் பக்கத்தில் கைபேசி கிடந்தது. சத்தத்தை நிறுத்தித்தான் வைத்திருந்தாள். ஆனாலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதன் திரை மெல்ல ஒளிர்ந்து அணைந்தது. பக்கத்து அறைத் தொலைக்காட்சி அவள் முழங்காலை ஒட்டியே இருந்தது.

சலிப்பைப் போக்கத்தான் கைபேசியை எடுக்கிறோம் என்பதும் அவ்வளவு சரியில்லை. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் கேட்டி டாம், மைக்கேல் இன்ஸ்லிக்ட் இருவரும் 2024இல் வெளியிட்ட தொடர் சோதனைகளில் 1,200க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். ஒரு காணொளியிலிருந்து இன்னொன்றுக்கு விருப்பம்போல் தாவ முடிந்தால் சலிப்பு குறையும் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு. தாவித் தாவிப் பார்த்தவர்களுக்குச் சலிப்பு கூடியது. ஒன்றிலேயே நின்று பார்த்தவர்களுக்கு அது குறைவாகவும் நிறைவு அதிகமாகவும் இருந்தது. எதையும் பற்றிக்கொள்ளாமல் வழுக்கிக்கொண்டே போகும் மனத்துக்குக் கேளிக்கையிலும் பிடிமானம் இல்லை.

ஆகவே எந்தப் பாடத்தையும் ‘பிடிக்கவில்லை’ என்று ஒதுக்கும் முன் செய்ய வேண்டிய நேர்மையான சோதனை ஒன்று இருக்கிறது. கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, தூக்கம் நிறைந்த ஒரு காலையில், அரை மணி நேரம் அந்தப் பாடத்தோடு மட்டும் உட்கார்ந்து பார்ப்பது. அதன் பிறகும் மிஞ்சும் சலிப்புதான் பாடத்தினுடையது.

ஆர்வத்துக்கும் முதல் வேண்டும்

உலகத்திலேயே சலிப்பான பாடத்தை ஒருவர் விரும்பித் தயாரித்துக்கொண்டார். ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ். நினைவு எப்படி வேலை செய்கிறது என்று அறிய, பொருளே இல்லாத அசைகள் சுமார் 2,300ஐ உருவாக்கினார். அவற்றை வரிசை வரிசையாகத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று தன்மேலேயே அளந்து, 1885இல் நூலாக வெளியிட்டார். முன்பே அறிந்த எதனோடும் ஒட்டக் கூடாது என்பதற்காகவே பொருளற்ற அசைகளைத் தேர்ந்தெடுத்தார். ஒப்பிட்டுப் பார்க்க, ஆங்கிலக் கவிஞர் பைரனின் நெடுங்கவிதை ஒன்றிலிருந்து சில பாடல்களையும் மனப்பாடம் செய்தார். அதே அளவுள்ள பொருளற்ற அசைகளுக்குத் தேவைப்பட்ட உழைப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே கவிதைக்குப் போதுமானதாக இருந்தது.

இதைப் படித்தபோது அக்கா மகளின் புத்தகம் நினைவுக்கு வந்தது. ஈனி, அணைவு எண், கோள அமைப்பு என்று அந்தப் பக்கத்தில் இருந்த சொற்கள் அவளுக்கு எபிங்ஹாஸின் அசைகளாகத்தான் இருந்தன. முன்பே தெரிந்த எதனோடும் அவை ஒட்டவில்லை. சலிப்பான பாடம் என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவை இன்னும் ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்காத பாடங்கள்தாம்.

ஆர்வத்துக்கும் இதே விதி. அமெரிக்கப் பொருளியலாளரும் உளவியலாளருமான ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994இல் சொன்ன விளக்கம் இன்றும் நிற்கிறது: தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவில் ஒரு இடைவெளி கண்ணுக்குத் தெரியும்போதுதான் அறியும் ஆவல் பிறக்கிறது. எதுவுமே தெரியாதவருக்கு இடைவெளியும் தெரியாது. கிரிக்கெட் தெரியாதவருக்குக் கடைசி ஓவரில் பதற்றம் வராது. 2009இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் மின் ஜியோங் காங், காலின் கேமரர் ஆகியோர் பொது அறிவுக் கேள்விகளை வைத்து இதைச் சோதித்தார்கள். விடை துளியும் தெரியாத கேள்விகளிலும் நன்றாகத் தெரிந்த கேள்விகளிலும் ஆவல் குறைவு. ‘தெரிந்த மாதிரி இருக்கிறதே’ என்று தோன்றிய கேள்விகளில்தான் அது உச்சத்தில் இருந்தது.

வியாபாரத்துக்கு முதல் போடுவதுபோல ஆர்வத்துக்கும் கொஞ்சம் முதல் போட வேண்டும். அந்த முதல் கொஞ்சம் அறிவு. அதை ஆர்வம் இல்லாமலேதான் சேர்த்தாக வேண்டும். எந்தப் பாடத்திலும் முதல் சில நாள்கள் பிடிக்காமல் இருப்பது இயல்பு. அந்த நாள்களை வைத்தே பாடத்தையும் தன்னையும் எடைபோட்டுவிடுவதுதான் பிழை.

ஆவல் பிறந்துவிட்டால் நடப்பது அழகானது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மத்தியாஸ் க்ரூபர், சரண் ரங்கநாத் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், கேள்வியைக் காட்டிவிட்டு விடை வரும்வரை சில நொடிகள் காக்க வைத்தார்கள். அந்த இடைவேளையில் யாரோ ஒருவரின் முகப்படத்தைக் காட்டினார்கள். ஆவலைத் தூண்டிய கேள்வியின் விடை நன்றாக நினைவில் நின்றது; அது எதிர்பார்த்ததே. அந்தக் காத்திருப்பில் காட்டிய, கேள்வியோடு எந்தத் தொடர்பும் இல்லாத முகங்களும் நன்றாக நினைவில் நின்றன. வெகுமதியை எதிர்நோக்கும்போது இயங்கும் டோப்பமின் சார்ந்த பகுதிகளும், நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸும் அந்த நேரத்தில் கைகோத்து வேலை செய்திருந்தன. ஆவலாக இருக்கும் மூளை பக்கத்தில் கிடப்பதையும் சேர்த்து அள்ளிக்கொள்கிறது. படிக்கத் தொடங்கும் முன் அந்தப் பக்கத்திலிருந்து நமக்கே ஒரு கேள்வியை எழுப்பிக்கொள்வதன் பயன் இதுதான். கேள்வி சிறியதாக இருந்தாலும் போதும்.

கிணற்றடியில் கிடந்த கேள்வி

அக்கா மகளுக்கான கேள்வி கிணற்றடியிலேயே கிடந்தது. அடுத்த முறை போனபோது அதைத்தான் கேட்டேன்: “அம்மா விளக்கை எதுக்குப் புளி போட்டுத் தேய்க்கிறா?”

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. காற்றுப்பட்டு அதன் மேல் செம்பின் ஆக்சைடு படிந்து கறுக்கிறது. நாளானால் பச்சைக் களிம்பு ஏறுகிறது. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் அந்தப் படலத்தைக் கரைக்கிறது, உள்ளிருக்கும் உலோகம் மின்னுகிறது. இதே அமிலத்தின் உப்புதான் பள்ளி ஆய்வகத்து ஃபெலிங் கரைசலிலும் இருக்கிறது. காரக் கரைசலில் செம்பு அயனிகள் வீழ்படிவாகி அடியில் தங்கிவிடாமல், அந்த டார்ட்ரேட் அவற்றைப் பிடித்துவைத்திருக்கிறது. அந்தப் பிடிப்புக்குத்தான் அணைவு என்று பெயர். பிடித்துக்கொள்ளும் அயனிக்கோ மூலக்கூறுக்கோ ஈனி என்று பெயர்.

அந்தப் பாடத்தைப் படிகாரத்திலிருந்து தொடங்கலாம். சவரம் செய்தபின் தேய்க்கும் அதே படிகாரம்தான். நீரில் போட்டால் பொட்டாசியம், அலுமினியம், சல்ஃபேட் என்று தன் அயனிகளாகப் பிரிந்துவிடும். ஆகவே அது இரட்டை உப்பு. பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடை நீரில் போட்டாலோ, இரும்பு தன் சயனைடுகளை விட்டுப் பிரிவதில்லை. பிடி விடுவது இரட்டை உப்பு, பிடி விடாதது அணைவுச் சேர்மம். உலோகத்தை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பற்றும் ஈனி உண்டாக்கும் சேர்மத்துக்குப் பாடநூல் தரும் பெயர் கொடுக்கிணைப்பு. நண்டு தன் கொடுக்குகளால் பற்றுவதுபோல என்று பொருள். வேதியியலாளர்கள் வைத்த மூலச் சொல்லும் நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். நம் ரத்தத்தில் இரும்பும் இலையின் பச்சையத்தில் மக்னீசியமும் நிற்பது இந்தப் பிடியில்தான். உடலில் ஏறிய ஈய நஞ்சை வெளியேற்றும் மருந்தும் இதே பிடியால்தான் வேலை செய்கிறது.

அவள் முகத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனால், “அப்போ வெள்ளிப் பாத்திரத்தை ஏன் புளி போட்டுத் தேய்க்கிறதில்ல?” என்று கேட்டாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. வெள்ளியில் படியும் கறுப்பு ஆக்சைடு இல்லை, சல்ஃபைடு. அதற்குப் புளியின் அமிலம் போதாது.

இங்கே பெரியவர்கள் செய்யும் ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். நானும் ஏறக்குறைய அதைச் செய்தேன். பாடத்தின் பயனை நாமே நீளமாகச் சொல்லிவிடுகிறோம். 2009இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த கிறிஸ் ஹல்லமன், ஜூடித் ஹராக்கிவிச் ஆய்வில், ஒன்பதாம் வகுப்பு அறிவியல் மாணவர்கள் 262 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் படித்த பாடத்தின் சுருக்கத்தை எழுதினார்கள். மறுபிரிவினர் அந்தப் பாடத்துக்கும் தம் வாழ்க்கைக்கும் என்ன தொடர்பு என்று தாமே யோசித்து எழுதினார்கள். ‘எனக்கு இது வராது’ என்ற எண்ணத்தோடு இருந்த மாணவர்களில், தொடர்பைத் தேடி எழுதியவர்களுக்கு ஆர்வமும் மதிப்பெண்ணும் கூடின. ஹராக்கிவிச் 2015இல் எலிசபெத் கேனிங்குடன் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, தன்னம்பிக்கை குறைந்தவர்களிடம் ‘இது உனக்கு இப்படியெல்லாம் பயன்படும்’ என்று வெளியிலிருந்து சொன்னால் அது எதிர்விளைவைத் தரலாம் என்று காட்டியது. வராது என்று நினைக்கும் பிள்ளையிடம் அதன் பெருமையைப் பேசப் பேச, தன்னால் எட்ட முடியாத ஒன்றின் உயரம்தான் அதற்குத் தெரிகிறது.

புளியை நான் காட்டினேன். வெள்ளியை அவளே கண்டுபிடித்தாள். இரண்டில் பெரியது இரண்டாவதுதான்.

பிடிக்கவில்லை என்று சொல்ல விடுங்கள்

எல்லாப் பாடத்துக்கும் கிணற்றடியில் விடை கிடைத்துவிடாது. சில பக்கங்கள் எப்படிப் புரட்டினாலும் சலிப்பானவைதான். அவற்றை என்ன செய்வது?

மனித ஊக்கத்தைப் பற்றி வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த எட்வர்ட் டெசி, 1994இல் சகாக்களோடு வெளியிட்ட சோதனைக்காக வேண்டுமென்றே ஒரு சலிப்பான வேலையைத் தேர்ந்தெடுத்தார். கணினித் திரையில் ஒளிப்புள்ளி தோன்றும்போதெல்லாம் ஒரு விசையை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். சிலரிடம் இந்த வேலை ஏன் பயனுள்ளது என்று காரணம் சொன்னார்கள். சிலரிடம் ‘இது சலிப்பாகத்தான் இருக்கும், தெரியும்’ என்று ஒப்புக்கொண்டார்கள். சிலரிடம் கட்டளையிடாமல், தேர்வு அவர்கள் கையில் இருப்பதை உணர்த்தும் சொற்களில் பேசினார்கள். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு கிடைத்தவர்கள், யாரும் சொல்லாதபோதும் அதிக நேரம் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள்; அதைத் தம் சொந்த வேலையாகவும் உணர்ந்தார்கள்.

நம் வீடுகளில் நடப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். “சலிப்பா இருக்கு” என்று பிள்ளை சொன்னால், “இதுல என்ன சலிப்பு? நாங்கள்லாம் தெருவிளக்குல படிச்சோம்” என்ற பதில் வருகிறது. பாடத்தோடு போராடும் பிள்ளை, இப்போது தன் உணர்வு உண்மைதான் என்று நிறுவவும் போராட வேண்டியிருக்கிறது. “ஆமா, இந்தப் பகுதி சலிப்பாத்தான் இருக்கும். ஆனா இது இன்னதுக்கு வேணும். இப்பப் படிக்கிறியா, குளிச்சிட்டு வந்து படிக்கிறியா?” என்று சொல்ல அதைவிடக் குறைந்த மூச்சுதான் செலவாகும்.

பரிசு கொடுக்கலாமா என்று பெற்றோர் கேட்பதுண்டு. விரும்பிச் செய்யும் செயலுக்குப் பரிசு அறிவித்தால் இயல்பான ஆர்வம் குன்றும் என்பதை டெசியின் 1971ஆம் ஆண்டுச் சோதனை காட்டியது. அவர் 1999இல் ரிச்சர்ட் கோஸ்ட்னர், ரிச்சர்ட் ரயன் இருவரோடும் 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அதுவே உறுதியானது. ஆனால் சலிப்பான வேலைகளில் அந்தக் கேடு தெரியவில்லை; குன்றுவதற்கு அங்கே ஆர்வமே இல்லையே. ஆகவே சலிப்பான அத்தியாயத்தை முடித்தால் ஒரு ஐஸ்கிரீம் என்பதில் தவறில்லை. பிள்ளை தானாக விரும்பிப் படிக்கும் பாடத்துக்கு விலை வைக்காமல் இருந்தால் சரி.

தக்க காரணம் கிடைத்துவிட்டால் மனிதர்கள் சலிப்பை வெல்லும் வழியைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார்கள் என்பது யூட்டா பல்கலைக்கழகத்தின் கேரல் சான்சோன் 1992இல் கண்டறிந்தது. எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து நகலெடுக்கும் வேலை ஒன்றைக் கொடுத்தார். அந்த வேலையைத் தொடர்வதால் நன்மை உண்டு என்று காரணம் சொல்லப்பட்டவர்கள், எழுதும் விதத்தை மாற்றி மாற்றி அதைச் சுவையாக்கிக்கொண்டார்கள். நாற்று நடும்போது பாட்டு எடுத்தவர்களுக்கு இந்த உத்தி யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. நிறப்பேனாவால் எழுதுவது, தங்கைக்குப் பாடம் எடுப்பதுபோல் உரக்கச் சொல்வது, தனிமங்களுக்குப் பட்டப்பெயர் வைப்பது என்று பிள்ளைகள் செய்வதை விளையாட்டுத்தனம் என்று தடுக்காமல் இருந்தாலே நல்லது.

முறையும் சலிப்பைத் தரும்

சலிப்பின் இன்னொரு ஊற்று நாம் படிக்கும் முறையில் இருக்கிறது. ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைத்தான் பெரும்பாலோர் படிப்பு என்கிறோம். செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை வாசித்தது. இன்னொரு குழு ஒருமுறை வாசித்துவிட்டு, மூன்று முறை புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் 83 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. வாசித்தவர்களிடம் மிஞ்சியது 40 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்களிடம் 61.

பிடிக்காத பாடத்துக்கு இந்த முறை இரட்டைப் பயன் தரும். நான்காவது வாசிப்பில் புதிதாக எதுவும் இல்லை. மனம் அலையத்தான் செய்யும். புத்தகத்தை மூடிவிட்டு, ‘ஈனி என்றால் என்ன?’ என்று தன்னையே கேட்கும்போது, தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவிலான இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. ஆவல் பிறக்கும் இடம் அதுதான் என்று முன்பே பார்த்தோம். விடை சரியாக வரும் ஒவ்வொரு முறையும் ‘எனக்கு வருகிறது’ என்ற சிறு நிறைவும் சேர்கிறது.

தொடங்குவதுதான் எப்போதும் கடினம். பீட்டர் கோல்விட்சர், பாஸ்கல் ஷீரன் இருவரும் 2006இல் 94 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். ‘நன்றாகப் படிப்பேன்’ என்ற பொதுவான உறுதியைவிட, ‘இன்ன நேரத்தில் இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன்’ என்று முடிச்சுப் போட்டுக்கொள்வது செயலில் இறங்க நன்கு உதவுகிறது என்று அது காட்டியது. ‘ஆறு மணிக் காபி குடித்ததும், மேசையில் உட்கார்ந்து, அணைவு வேதியியலில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுவேன்.’ காபி முடிந்ததும் கால் தானாக மேசைக்குப் போகும். விருப்பு வெறுப்பைக் கேட்டு முடிவெடுக்கும் வேலை மனத்துக்கு மிச்சம்.

இங்கே எச்சரிக்கை ஒன்றும் உண்டு. ஒரு பாடம் மட்டும் பிடிக்கவில்லை என்பது சலிப்பு. முன்பு விரும்பியது எதுவுமே பிடிக்கவில்லை, பாட்டும் நண்பர்களும் சாப்பாடும் சுவைக்கவில்லை என்று வாரக்கணக்கில் தொடர்ந்தால், அது மனச்சோர்வு நோயின் அறிகுறியாக இருக்கலாம். அதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும். படிப்பு உத்திகளைக் கொண்டு அதைத் தீர்க்க முயலக் கூடாது.

பிடிபட்ட பிறகு

ஆர்வம் வளரும் விதத்தை சூசான் ஹிடி, ஆன் ரென்னிங்கர் என்ற ஆய்வாளர்கள் 2006இல் நான்கு படிகளாக விவரித்தார்கள். முதலில் சூழல் ஒரு பொறியைத் தருகிறது. பிறகு அந்தப் பொறி அணையாமல் சூழல் காக்கிறது. மூன்றாவதில் அது மெல்ல அந்த மனிதருடையதாகிறது. நான்காவதில் யார் சொல்லாமலும் அவரே தேடிப் போகிறார். எந்தப் படியிலும் ஆதரவு இல்லாவிட்டால் ஆர்வம் கீழே இறங்கிவிடலாம், அணைந்தும் போகலாம் என்றார்கள். முதல் இரண்டு படிகளிலும் மாணவரைவிடச் சூழலின் பங்குதான் அதிகம். ‘அவனுக்கு அதில் ஆர்வம் இல்லை’ என்று நாம் சொல்லும்போது, அவனைச் சுற்றியிருக்கும் நம்மைப் பற்றியும் ஏதோ சொல்லிக்கொள்கிறோம்.

எல்லாரும் எல்லாப் பாடத்திலும் நான்காம் படிக்கு ஏறத் தேவையில்லை. ஏறவும் முடியாது. வாழ்நாள் குறைவு, நாம் காதலிக்கத் தக்கவை சில. மற்றவற்றோடு ஒரு நல்ல அறிமுகம் போதும். வேதியியலோ வரலாறோ கணக்கோ, அதன் ஓரிடத்தையாவது கையால் தொட்டு, ‘இது எனக்கு எட்டாததில்லை’ என்று தெரிந்துகொண்டு, தன் வழியில் நடக்கலாம். பிடிக்காத பாடத்தைப் படித்துக் கடந்த பிள்ளை பாடத்தோடு சேர்த்து இன்னொன்றையும் கற்றிருக்கும்: மனம் ஒட்டாத இடத்திலும் பிடிமானம் தேடத் தன்னால் முடியும் என்பதை. வேலையிலும் குடும்பத்திலும் உடல்நலத்திலும் பின்னாளில் அதற்குத் தேவைப்படப்போவது அந்தத் திறன்தான்.

மார்கழியில் ஒருநாள் அக்கா மகள் கைபேசியில் அழைத்தாள். அரையாண்டுத் தேர்வு முடிந்திருந்தது. மதிப்பெண் பற்றி நான் கேட்கவில்லை. “இப்ப கெமிஸ்ட்ரி எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “இன்னும் பிடிக்கல சித்தி. ஆனா பிடிபடுது.”